பாடத்திலிருந்து கேள்வி எடுக்கும் லைப்ரரி: எங்கே இடறுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

கோபிச்செட்டிபாளையத்தில் என் அத்தை டியூஷன் எடுக்கிறார். பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், தமிழ் வழி ஆங்கில வழி இரண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் புதிது புதிதாகக் கேள்வி எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், "கம்ப்யூட்டர்ல இதுக்கு ஒரு வழி இல்லையா கண்ணு?" என்று கேட்டார். நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருப்பதால் சரி பார்க்கிறேன் என்று சொல்லி, பத்தியைக் கொடுத்தால் கேள்வி எழுதித் தரும் திறந்த மூல லைப்ரரிகளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்புகளை) எடுத்து இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தேன். எங்கெங்கே மாட்டிக்கொண்டேன், காரணம் என்ன, எப்படித் தாண்டினேன் என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த லைப்ரரிகள் பெரும்பாலும் ஒரே மாடலின் (உரைகளைப் பார்த்துப் பயின்ற ஏஐ நிரலின்) வேலை அல்ல, இரண்டு மூன்று படிகள். பத்தியில் எது பதிலாக இருக்கத் தகுதியானது என்று ஒரு படி தேடும், அந்தப் பதிலுக்கேற்ற கேள்வியை அடுத்த படி எழுதும், கொள்குறி வினா வேண்டுமென்றால் தவறான விடைகளை மூன்றாவது படி தேடித் தரும். முதல் படியில் நடந்த தப்பு மூன்றாவது படியில்தான் கண்ணில் படும். அதனால் கடைசி விடையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு படியும் என்ன தருகிறது என்பதை அச்சிட்டுப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் மூன்று நாளை வீணாக்கினேன்.

இன்னொன்று, லைப்ரரியோடு வரும் மாதிரிப் பத்தியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதால்தான் அங்கே இருக்கிறது. உங்கள் பாடத்திலிருந்து பத்துப் பத்தி எடுங்கள். நான் எடுத்தவற்றில் காளிங்கராயன் வாய்க்கால், பவானிசாகர் அணை, தீரன் சின்னமலை, ஈரோட்டு மஞ்சள், ஒளிச்சேர்க்கை எல்லாம் இருந்தன. பெயர், ஆண்டு, காரணம், செய்முறை என்று வகைக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

நிறுவியதும் பிழைச்செய்தி, ஓடவே மாட்டேன் என்கிறது

இதற்கு அதிக நேரம் கொடுக்காதீர்கள். இந்த வகை லைப்ரரிகள் பலவும் டி5 என்ற கூகுளின் மொழி மாடல் வந்த 2019-க்குப் பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்குள் எழுதப்பட்டவை, அதன்பின் பெரிதாகக் கை வைக்கப்படாதவை. இந்த மாடல்களை ஓட்டும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொதியின் அப்போதைய வெர்ஷன் வேறு, இப்போது நீங்கள் நிறுவுவது வேறு. தனி மெய்நிகர் சூழல் (மற்ற நிரல்களைத் தொடாத தனி இடம்) ஒன்றை உருவாக்கி, அந்த லைப்ரரி கேட்கும் வெர்ஷன்களையே போடுங்கள், பழைய வெர்ஷனுக்குப் பழைய பைதானும் வேண்டியிருக்கும். உரையைத் துண்டாக்கும் சென்டென்ஸ்பீஸ் பொதி இல்லை என்று சொன்னால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். வாக்கியம் பிரிக்க உதவும் 'பங்க்ட்' கிடைக்கவில்லை என்று வந்தால், என்எல்டிகே என்ற மொழிக் கருவிப் பொதியில் 2024-இல் வந்த 3.9 வெர்ஷன் முதல் அந்தத் தரவின் பெயர் 'பங்க்ட்_டேப்' என்று மாறியிருக்கிறது, அதைப் பதிவிறக்கினால் தீர்ந்தது. 'என்எல்பி' என்ற பொதி இல்லை என்று வந்தால், அது பிற்பாடு 'டேட்டாசெட்ஸ்' என்று பெயர் மாறிவிட்டது.

அரை நாளுக்குள் ஓடவில்லை என்றால் அதையே மதிப்பீட்டின் ஒரு விடையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது நிரலில் மாற்றம் நடந்திருக்கிறது, பயனர்கள் எழுதிய பிழைகளுக்குப் பதில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமத்தையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது, லைப்ரரியின் உரிமம் ஒன்று, மாடலின் உரிமம் ஒன்று, உள்ளே இழுத்துக்கொள்ளும் மற்றப் பொதிகளின் உரிமம் இன்னொன்று.

"துணைச்சரம் கிடைக்கவில்லை" என்று சொல்லி நடுவில் நின்றுவிடுகிறது

ஆங்கிலப் பத்திக்கும் இது வரும், தமிழுக்கு இன்னும் அதிகமாக வரும். முதல் படி கண்டுபிடித்த பதிலைப் பத்திக்குள் தேடி, அது இருக்கும் இடத்தைச் சுற்றி அடையாளக் குறி போட்டுத்தான் இரண்டாவது படிக்கு அனுப்புகிறார்கள். பதில் எழுத்துக்கு எழுத்து பத்தியில் இல்லையென்றால் தேடல் தோற்று நிரல் அங்கேயே விழும்.

பதிலை அச்சிட்டுப் பாருங்கள். முன்னால் 'பேட்' என்ற நிரப்புக் குறி ஒட்டிக்கொண்டிருந்தால், அது வெர்ஷன் மாறியதால் வந்தது, நீக்கிவிட்டுத் தேடினால் போதும். இடைவெளி கூடியோ குறைந்தோ இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சீராக்கிவிட்டுத் தேடுங்கள்.

தமிழில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 'கொங்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு ஒன்று துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். பத்தி ஒரு விதத்திலும் பதில் இன்னொரு விதத்திலும் இருந்தால் 'கொங்கு' என்பதற்குள் 'கொங்கு' கிடைக்காது. பைதானின் யூனிகோடுடேட்டாவில் என்எஃப்சி சீராக்கம் (இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது) இருக்கிறது, எல்லா உரையையும் முதலிலேயே அதன் வழியாகச் செலுத்திவிடுங்கள்.

அதிலும் சிக்காத ஒன்று ஔகாரம். கௌசிகா நதி என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் எகரக் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு 'கெளசிகா' என்று அடித்துவிடுகிறார்கள். பார்க்க அப்படியேதான் இருக்கிறது. என்எஃப்சி இதைத் திருத்தாது, ஏனென்றால் அதன் கணக்கில் அது 'ள' என்ற நல்ல எழுத்து. கௌரவம், சௌகரியம், பௌர்ணமி என்று உங்கள் பாடங்களில் வரும் சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், எங்கும் பொதுவாக மாற்றப் போனால் 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். பழைய வினாத்தாள்கள் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால் இதற்கும் முன்னால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாடலுக்குப் போவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

தமிழ்ப் பத்தி கொடுத்தால் கேள்விக்குறிகளும் சம்பந்தமில்லாத எழுத்துகளும் வருகின்றன

எந்த மாடல் உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக வரும்.

தமிழ்ச் சொல்லே இல்லாமல் இரட்டைக் கேள்விக்குறியும் கொஞ்சம் ஆங்கிலமுமாக வந்தால் உள்ளே இருப்பது சாதாரண டி5. அது ஆங்கிலத்தை வைத்துப் பயின்றது, கூட ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியன் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அதன் சொற்பட்டியலில் தமிழ் எழுத்தே இல்லை. ஒரு தமிழ் வரியை டோக்கனாக்கி (மாடல் படிக்கும் சிறு துண்டுகளாக உடைத்து) அப்படியே திரும்ப உரையாக்கிப் பாருங்கள், போன வரி திரும்பி வரவில்லை என்றால் அந்த மாடலோடு மேற்கொண்டு போராட வேண்டாம்.

'எக்ஸ்ட்ரா ஐடி' என்று ஏதோ குறி மட்டும் வந்தால் யாரோ டி5-இன் பன்மொழிப் பதிப்பான எம்டி5-ஐ அப்படியே செருகியிருக்கிறார்கள். 2020-இல் வந்த எம்டி5 தமிழ் உட்பட 101 மொழிகளைப் பார்த்த மாடல்தான், ஆனால் விட்டுப்போன இடத்தை நிரப்ப மட்டுமே அதற்குத் தெரியும், கேள்வி கேட்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேள்விக்கென்று மேற்பயிற்சி கொடுத்த பதிப்பைத் தேடுங்கள், அல்லது நீங்களே கொடுங்கள்.

தேவநாகரி எழுத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், அது இண்டிக்பார்ட் ஆக இருக்கும். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு உருவாக்கியது, இந்திய மொழிகள் 11, அதில் தமிழும் உண்டு. எல்லா மொழியையும் ஒரே எழுத்துக்கு, அதாவது தேவநாகரிக்கு, மாற்றித்தான் அதைப் பயிற்றுவித்தார்கள். உள்ளே அனுப்பும்போது மாற்றி, வெளியே வரும்போது திரும்ப மாற்றினால் தமிழ் கிடைக்கும். அந்தந்த எழுத்திலேயே பயின்ற தனிப் பதிப்பும் இருக்கிறது. கேள்வி உருவாக்கத்துக்குத் தமிழிலும் அவர்கள் தரவு வெளியிட்டிருக்கிறார்கள், ஆனால் அது ஸ்க்வாட் என்ற ஆங்கிலத் தரவை மொழிபெயர்த்தது. அதன் விளைவு என்ன என்று கீழே சொல்கிறேன்.

பாடத்தின் முன்பாதியிலிருந்து மட்டுமே கேள்வி வருகிறது

பாடத்தின் கடைசி வரியில் வேறெங்கும் இல்லாத ஒரு தகவலைச் சேர்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்றால் வாலைச் சத்தமில்லாமல் வெட்டியிருக்கிறது என்று பொருள். டி5 வகையில் வழக்கமான உச்சவரம்பு 512 டோக்கன். தமிழ்ச் சொல் ஒன்று மூன்று நான்கு டோக்கனாக உடைவதால், ஆங்கிலத்தில் போகும் அளவில் பாதிகூடத் தமிழில் தாங்காது.

பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள். கொடுத்ததும் அடுத்த நோய் கிளம்பும்: "இந்த அணை எப்போது கட்டி முடிக்கப்பட்டது?", "அவர் எங்கே தூக்கிலிடப்பட்டார்?" என்று தலையும் வாலும் தெரியாத கேள்விகள். முந்தின பத்தியில் இருந்த பெயர் இந்தத் துண்டுக்கு வராததுதான் காரணம். எனக்கு உதவியது எளிய ஒரு வேலை, ஒவ்வொரு துண்டின் தலையிலும் பாடத் தலைப்பையும் முந்தின துண்டின் கடைசி வாக்கியத்தையும் ஒட்டினேன். "பவானிசாகர் அணை. இதன் கட்டுமானம் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது" என்று போனதும் கேள்வியில் அணையின் பெயர் வரத் தொடங்கியது. எல்லா இடத்திலும் வரவில்லை, மீதியைக் கையால்தான் திருத்தினேன்.

ஜி.டி. நாயுடு மாதிரி தலைப்பெழுத்து உள்ள பெயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கியம் பிரிக்கும் கருவி அந்தப் புள்ளியிலேயே வாக்கியம் முடிந்தது என்று வெட்டிவிட்டு 'நாயுடு'வில் புது வாக்கியம் தொடங்கும்.

கேள்வி இலக்கணமாக இருக்கிறது, ஆனால் உப்புச் சப்பில்லை

நான் அதிக நேரம் செலவழித்த இடம் இதுதான், நீங்களும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். மேலே சொன்னதையெல்லாம் சரிசெய்து, முதன்முதலில் நாற்பது கேள்வியை அச்சடித்து அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "காளிங்கராயன் வாய்க்கால் எந்த நூற்றாண்டில் வெட்டப்பட்டது?" சரி. "காளிங்கராயன் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து தொடங்குகிறது?" சரி. "காளிங்கராயன் வாய்க்கால் எந்த ஆற்றோடு சேர்கிறது?" அங்கே பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஒரே மாதிரி இருக்குது கண்ணு. பவானியையும் நொய்யலையும் எதுக்கு இணைச்சாங்கன்னு ஒண்ணுகூடக் கேக்கலையே. இதுக்கு எதுக்குப் பாடத்தப் படிக்கோணும், வரியப் பாத்து எழுதிட்டுப் போயிருவாங்க."

அத்தை சொன்னதற்குக் காரணம் தரவில் இருக்கிறது. இந்த மாடல்கள் அநேகமாக எல்லாமே ஸ்க்வாட் தரவில் பயின்றவை. 2016-இல் வந்தது, விக்கிபீடியாப் பத்திகளின் மேல் மனிதர்கள் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். அதில் பதில் என்பது பத்தியில் அப்படியே இருக்கும் ஒரு துண்டு. அதனால் மாடல் கற்றுக்கொண்டது பெயர், ஆண்டு, இடம், எண்ணிக்கை கேட்க. 'ஏன்' என்பதற்கான பதில் இரண்டு மூன்று வாக்கியத்தில் பரவிக் கிடக்கும், முதல் படி அதைப் பதிலாக எடுப்பதே இல்லை, பிறகு கேள்வி எங்கிருந்து வரும்?

இதைச் சோதிக்க இரண்டு வழி வைத்துக்கொண்டேன். ஒன்று, கேள்வியிலுள்ள சொற்களில் எத்தனை, பதில் இருக்கும் வாக்கியத்தில் அப்படியே இருக்கின்றன என்று எண்ணுவது. கேள்விச் சொல்லைத் தவிர மீதியெல்லாம் அப்படியே இருந்தால் அது வாக்கியத்தில் ஒரு ஓட்டை போட்டது, கேள்வி அல்ல. இரண்டு, பத்தியைக் காட்டாமல் கேள்வியை மட்டும் அந்தப் பாடம் படிக்காத ஒருவரிடம் கொடுப்பது. அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கேள்வியே பதிலைக் காட்டிக்கொடுக்கிறது, அல்லது பொது அறிவு போதுமானதாக இருக்கிறது. "ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு எந்த ஊர் மஞ்சளுக்கு?" என்று ஒன்று வந்தது, இதை எந்த மதிப்பெண் கருவியும் தப்பென்று சொல்லவில்லை.

பதில் கண்டுபிடிக்கும் இன்னொரு மாடலிடம் கேள்வியைக் கொடுத்து, அதே பதில் வருகிறதா என்று பார்க்கும் சுற்றுச் சோதனை பலரும் சொல்வது. செய்யுங்கள், பதிலே இல்லாத கேள்விகள் அதில் உதிர்ந்துவிடும். ஆனால் மேலே சொன்ன மஞ்சள் கேள்வி அதில் முழு மதிப்பெண்ணோடு தேறும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

'ஏன்', 'எப்படி' வேண்டுமென்றால் முதல் படியைத் தவிர்த்துவிட்டு, பதிலை நீங்களே குறித்துக் கொடுங்கள். பல லைப்ரரியில் இதற்கு வழி இருக்கிறது. "அதனால்", "ஆகவே", "இதன் காரணமாக" என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முந்தின வாக்கியத்தை முழுதாகப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தேன், ஆங்கிலப் பத்திகளில் இதற்கு ஓரளவு நல்ல கேள்விகள் வந்தன. தமிழில் கேள்வி வந்தாலும் நடை ஒட்டவில்லை, மொழிபெயர்த்த தரவின் வாடை அதில் அடிக்கிறது, நம் ஆசிரியர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்.

ஆளை 'எது' என்கிறது, ஆற்றை 'யார்' என்கிறது

ஆங்கிலத்திலும் உண்டு, தமிழில் வினைமுற்றும் சேர்ந்து கெடுவதால் பளிச்சென்று தெரியும். நம் பக்கத்துப் பெயர்களுக்கு இது கூடுதல். பவானி ஓர் ஆறு, ஓர் ஊர், பெண்ணின் பெயர். நொய்யல் ஆறும் உண்டு ஊரும் உண்டு. காளிங்கராயன் ஆளின் பெயர், ஆனால் "காளிங்கராயன்ல தண்ணி வந்துருச்சா?" என்றால் வாய்க்காலைத்தான் கேட்கிறார்கள். "ஈரோடு வழியாக ஓடுபவர் யார்?" என்று எனக்கு வந்தது இதனால்தான். தீரன் சின்னமலை பத்தியில் "1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது எது?" என்று வந்தது, அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

பெயர்களுக்கு ஒரு சிறு பட்டியல் போட்டு ஆள், இடம், ஆறு, பொருள் என்று நீங்களே வகை குறியுங்கள். பதில் 'ஆள்' ஆக இருந்து கேள்வியில் 'எது', 'என்ன' இருந்தால் ஒதுக்கிவிடும்படி நாலு வரி நிரல் போதும். வேற்றுமையையும் பாருங்கள். பதில் 'சங்ககிரியில்' என்றால் கேள்வி 'எங்கே', பதில் 'சங்ககிரி' என்றால் 'எந்த ஊர்'. உருபோடு வெட்டியிருக்கிறதா உருபில்லாமலா என்று கவனிக்காவிட்டால் விடைக்குறிப்பு கேள்வியோடு பொருந்தாமல் நிற்கும்.

கொள்குறி வினாவில் தவறான விடைகள் பொருத்தமே இல்லை

ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு ஈரோடு பற்றி ஒரு வினா எடுத்தேன். தவறான விடைகளாக வந்தவை ஊர்கள் அல்ல, அரித்துத் தேய்த்தல் என்ற பொருளில் உள்ள ஆங்கில வினைச்சொற்கள். ஆங்கில எழுத்தில் ஈரோடும் 'அரித்தல்' என்ற வினையும் ஒன்றேதான், வேர்ட்நெட் அகராதிக்கு அந்த வினைதான் தெரியும். சேலத்துக்கு அமெரிக்க ஊர்கள் வந்தன, அங்கேயும் சேலம் என்ற பெயரில் ஊர்கள் உண்டு. நெருக்கமான சொற்களைத் தேடித் தரும் சென்ஸ்2வெக் பயன்படுத்தும் லைப்ரரிகளில் நிலைமை கொஞ்சம் தேவலை, ஆனால் அது ரெடிட் உரையாடல்களிலிருந்து கற்றது, நம் ஊர் விஷயம் அதில் குறைவு.

இதற்கு உங்கள் சொந்தப் பட்டியல்தான் மருந்து. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று மாவட்டத்துக்கு ஒன்று, ஆறுகளுக்கு ஒன்று, அணைகளுக்கு ஒன்று. போட்ட பிறகும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். "பவானி ஆற்றின் குறுக்கே உள்ளது எது?" என்ற வினாவுக்குச் சரியான விடை பவானிசாகர், தவறானவற்றில் ஒன்று கொடிவேரி என்று என் பட்டியல் தந்தது. கொடிவேரி அணையும் பவானியில்தான் இருக்கிறது, கோபிக்காரரான அத்தை படித்த வேகத்தில் பிடித்துவிட்டார். "ரெண்டும் சரிதானே, பிள்ளைகளுக்கு மார்க் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" நியாயமான கேள்வி.

மதிப்பெண் சுழியம் என்கிறது, அல்லது மதிப்பெண் நன்றாக இருந்தும் ஆசிரியர் நிராகரிக்கிறார்

தமிழில் ரூஜ் மதிப்பெண் (மாடலின் கேள்வி மாதிரிக் கேள்வியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற எண்) சரியாகச் சுழியம் என்று வந்தால் மாடலைத் திட்ட வேண்டாம். பரவலாகப் பயன்படும் ரூஜ்-ஸ்கோர் பொதியின் இயல்பான டோக்கனைசர் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர மற்றதையெல்லாம் துடைத்துவிடும், உங்கள் தமிழ் வாக்கியம் காலியாகத்தான் அதற்குள் போகிறது. இடைவெளியில் பிரிக்கும் சொந்த டோக்கனைசரைக் கொடுங்கள். அதை எழுதும்போது சொல்லிலுள்ள எழுத்துகளைப் பிடிக்கும் பைதானின் பின்சாய்கோடு டபிள்யூ வடிவத்தைப் பயன்படுத்தாதீர்கள், அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. 'தமிழ்' என்பது அதில் 'தம', 'ழ' என்று இரண்டாக உடையும், 'கொங்கு' வெறும் 'க', 'ங', 'க' ஆகிவிடும்.

2002-இல் மொழிபெயர்ப்புக்காக வந்த ப்ளூ என்ற மதிப்பெண், சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவது. 'ஆற்றிலிருந்து' என்று ஒருவரும் 'ஆற்றில் இருந்து' என்று இன்னொருவரும் எழுதினால் அதற்கு அவை வேறு வேறு. தமிழுக்கு எழுத்துத் துண்டுகளை ஒப்பிடும் சிஎச்ஆர்எஃப் மேல், சாக்ரிப்ளூ பொதியிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு பத்திக்குச் சரியான கேள்வி ஐம்பது இருக்கலாம், மாதிரிக்கு வைத்திருக்கும் ஒன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் எவ்வளவு தெரிந்துவிடும்? இரண்டு வெர்ஷன்களை ஒப்பிட மட்டும் இந்த எண்களை நான் பார்க்கிறேன். ஒப்பிடும்போது பீம் தேடலையே (எப்போதும் ஒரே விடை தரும் வழி) பயன்படுத்துங்கள், சாம்ப்ளிங் (தற்செயலாகச் சொல் தேர்வது) என்றால் அந்தத் தேர்வைக் கட்டுப்படுத்தும் விதை எண்ணை நிலையாக வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி வந்து எது முன்னேற்றம் என்றே தெரியாது.

முடிவு எடுப்பது தாளில்தான். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம்: மொழி சரியா, பதில் பத்தியில் இருக்கிறதா, வகுப்பில் கேட்பீர்களா. அத்தையும் அவரோடு வேலை பார்த்த இன்னொரு ஆசிரியையும் தனித்தனியாகப் பென்சிலில் குறித்தார்கள். முதல் இரண்டில் பெரிதாக வேறுபடவில்லை, மூன்றாவதில்தான் மாறுபட்டார்கள், அந்த இடங்களில் உட்கார்ந்து பேசியபோதுதான் எந்தக் கேள்வி எதற்காக வேண்டாம் என்பது எனக்குப் புரிந்தது. நிராகரித்த கேள்விகளைக் காரணத்தோடு ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன், அடுத்த லைப்ரரியை எடுத்தால் முதலில் அந்தப் பத்திகளைத்தான் கொடுப்பேன்.

இப்போதைக்கு ஆங்கில வழி வரலாற்றுப் பாடத்துக்கு அது எழுதும் ஒரு வரிக் கேள்விகளை அத்தை வடிகட்டி எடுத்துக்கொள்கிறார், தமிழ் வழிக்கும் 'ஏன்' கேள்விகளுக்கும் பழையபடி அவரே எழுதுகிறார்.